கொடிக்கயிற்றில் ஓர் எறும்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டுக் கொல்லைக்கு வருவார்கள். டியூஷன் எல்லாம் கிடையாது, சும்மா அறிவியல் பேசுவோம். ஆறாவது படிக்கிறவர்களும் இருப்பார்கள், பத்தாவது படிக்கிறவர்களும் இருப்பார்கள், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது மட்டும்தான் ஏற்பாடு. போன மாதம் ஒரு பையன், "நீளம், அகலம், உயரம் போக இன்னொரு பரிமாணம் இருக்காமே மாமா, அது எங்க இருக்கு?" என்று கேட்டான். யூடியூபில் பார்த்திருக்கிறான். நான் முருங்கை மரத்துக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் இழுத்துக் கட்டியிருந்த துணிக்கொடியைக் காட்டினேன்.

இது இயற்பியல்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் உவமைதான். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தால் கொடி வெறும் கோடு. அதில் முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான், ஒரே பரிமாணம். ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் கயிற்றுக்கு ஒரு சுற்றளவு இருக்கிறது, அதில் ஊர்கிற எறும்பு கயிற்றைச் சுற்றியும் போகும். தூரத்தில் இருக்கிற நமக்குத் தெரியாத ஒரு திசை எறும்புக்கு இருக்கிறது. நம் உலகத்திலும் அப்படி ஒரு திசை ஒவ்வொரு புள்ளியிலும் மிகச் சின்னதாகச் சுருண்டு கிடக்கலாம், அதன் அளவுக்கு நாம் ரொம்பப் பெரியவர்கள் என்பதால் கண்ணில் படாமல் இருக்கலாம்.

பிள்ளைகள் எல்லாரும் எழுந்து போய்க் கொடியில் எறும்பைத் தேடினார்கள். இருந்தது. அது மூன்று புரி முறுக்கிய நைலான் கயிறு. புரிக்கும் புரிக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சிற்றெறும்புகள் போய்க்கொண்டிருந்தன, அதனால் அவை நேராகப் போகாமல் கயிற்றைச் சுற்றிச் சுற்றித்தான் போயின. மேலே இருந்த எறும்பு கொஞ்சதூரத்தில் அடிப்பக்கம் போய் மறைந்து, அப்புறம் மறுபடி மேலே வந்தது. இத்தனை வருஷமாக இந்த உவமையைச் சொல்லிவந்திருக்கிறேன், ஒருநாள்கூட நின்று கொடியில் எறும்பு எப்படித்தான் போகிறது என்று பார்த்ததில்லை. அது எனக்கே உறுத்தியது.

அப்போதுதான் ஏழாவது படிக்கிற பிள்ளை கேட்டது: "எறும்பு தவறி விழுந்துச்சுன்னா எங்க மாமா போகும்?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. கொடியைச் சுற்றிக் காற்று இருக்கிறது, கீழே துவைக்கிற கல் இருக்கிறது, எறும்பு விழுந்தால் கல்மேல் விழும். கொடி ஒரு பெரிய வெளிக்குள் தொங்குகிறது. ஆனால் அந்தக் கருதுகோளில் கொடிக்கு வெளியே என்று எதுவுமே இல்லை, கொடிதான் மொத்த உலகமும், விழுவதற்கு இடமே கிடையாது. அதாவது அந்தப் பிள்ளை கை வைத்தது சரியாக உவமை முறிகிற இடத்தில். "விழ முடியாது, ஏன்னா விழுறதுக்கு அங்க இடம்னு ஒண்ணு இல்ல" என்றேன். அது ஒத்துக்கொள்ளவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், இந்தப் பதிவும் அதனால்தான்.

முதலில் கருதுகோளைச் சொல்லிவிடுகிறேன். 1919இல், அப்போது ஜெர்மனியைச் சேர்ந்த கோனிக்ஸ்பர்க் நகரில் இருந்த தியோடர் கலுசா என்கிற கணிதர் ஐன்ஸ்டீனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளை நான்கு பரிமாணத்துக்குப் (நீளம், அகலம், உயரம், கூடவே காலம்) பதில் ஐந்து பரிமாணத்தில் எழுதிப் பார்த்தால், ஈர்ப்போடு சேர்ந்து மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளும் தானாக வந்து நிற்கின்றன என்பதுதான் அதில் இருந்த விஷயம். அது அச்சில் வந்தது 1921இல். சரி, ஐந்தாவது பரிமாணம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? 1926இல் ஆஸ்கர் கிளைன் என்கிற இயற்பியலாளர் அதற்குப் பதில் சொன்னார்: அது வட்டமாகச் சுருண்டிருக்கிறது. எவ்வளவு சின்ன வட்டம் என்றால், ஒன்று போட்டுப் பின்னால் 30 சுழியம் எழுதி, அந்த எண்ணால் ஒரு சென்டிமீட்டரை வகுத்தால் வருகிற அளவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கிளைனின் கணக்கில், ஒரு துகள் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றி ஓடுவதுதான் நமக்கு மின்னூட்டமாகத் தெரிகிறது. ஒரு பக்கமாகச் சுற்றினால் நேர் மின்னூட்டம், எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் எதிர் மின்னூட்டம், சுற்றாமல் நேராகப் போனால் மின்னூட்டமே இல்லை. தூரத்தில் நிற்கிறவனுக்கு எறும்பு சுற்றுவது தெரியாது, ஆனால் அந்தச் சுற்றலின் விளைவு வேறொரு குணமாகத் தெரியும். இவ்வளவு அழகான விஷயம் கொடி உவமைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, யாரும் அதுவரை கொண்டுபோவதில்லை, எறும்பைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கு அப்படியே உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. எலக்ட்ரானின் எடையை இதில் போட்டுப் பார்த்தால் உண்மையான எடையைவிட எக்கச்சக்கமாக வருகிறது. பிற்காலத்தில் இழைக் கோட்பாட்டுக்காரர்கள் (ஸ்ட்ரிங் தியரி) பத்து, பதினொன்று என்று பரிமாணங்களைக் கூட்டினார்கள். 1998இல் சிலர், சுருண்ட பரிமாணம் மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாகக்கூட இருக்கலாம், அப்படி இருந்தால் கிட்டத்தில் ஈர்ப்பு விசை நியூட்டன் சொன்னபடி நடக்காது என்றார்கள். அது சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்குத் தராசு (மெல்லிய கம்பி முறுகுவதைப் பார்த்து மிகச் சின்ன விசையை அளக்கிற கருவி) வைத்துச் சோதித்துக்கொண்டே வருகிறார்கள், சுமார் 50 மைக்ரோமீட்டர் இடைவெளி வரைக்கும், அதாவது தலைமுடியின் தடிமன் அளவுக்கு நெருங்கியும், நியூட்டன் சொன்னபடிதான் இருக்கிறது. கூடுதல் பரிமாணம் இன்றுவரை எங்கேயும் அகப்படவில்லை. கொடியும் எறும்பும் எவ்வளவு தெளிவாக மனதில் பதிந்தாலும், அந்தத் தெளிவு இதற்குச் சாட்சி ஆகாது.

தமிழ் வகுப்பில் உவமை நடத்தும்போது பொதுத்தன்மை என்று ஒன்று சொல்லித் தருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? மதி போன்ற முகம் என்றால் மதி உவமை, முகம் பொருள், ஒளி பொதுத்தன்மை. நிலவில் குழி இருக்கிறதே, முகத்திலும் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் முகமும் நமக்குத் தெரியும், நிலவும் தெரியும். தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்து, எதனால் எது ஒத்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. அறிவியலில் வருகிற ஊகங்களுக்கு உவமை சொல்லும்போது சிக்கல் வருவது இங்கேதான். முகத்தை யாரும் பார்த்ததில்லை. நிலவை மட்டும் காட்டி, முகம் இப்படித்தான் இருக்கும் என்கிறோம். அப்போது நிலவின் குழியும் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கொடியைச் சுற்றியிருந்த காற்று அப்படித்தான் அந்தப் பிள்ளையின் மனதில் ஐந்தாவது பரிமாணத்தோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் அதே கொடியை வைத்து இன்னொன்று பேசினோம். ஐன்ஸ்டீனின் இளைய மகன் எட்வர்டு, நீங்கள் ஏன் இவ்வளவு பிரபலம் என்று கேட்டபோது அவர் ஒரு வண்டைச் சொல்லிப் பதில் சொன்னாராம்: வளைந்த கிளைமேல் ஊர்கிற குருட்டு வண்டுக்குத் தன் பாதை வளைந்திருப்பது தெரியாது, அது கவனிக்காததை நான் கவனித்தேன், அவ்வளவுதான். அழகான பதில். இந்த மாதிரி உயிர்களை வைத்துப் பேசுவது ஐன்ஸ்டீனுக்கு முன்னாலேயே உண்டு. 1870இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்கிற ஜெர்மன் அறிவியலாளர், ஒரு கோளத்தின் மேற்பரப்பிலேயே வாழ்கிற, உயரம் என்பதே தெரியாத உயிர்களைக் கற்பனை செய்து அவர்களின் வடிவியல் எப்படி இருக்கும் என்று பேசினார். அவருக்கும் முன்னால், 1827இல், காஸ் என்கிற கணிதர் காட்டியது இன்னும் அடிப்படையானது: பரப்பை விட்டு வெளியே வராமலே, பரப்புக்குள் அளந்தே, அது வளைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். எறும்பு ஒரு பெரிய முக்கோணம் போட்டு மூன்று கோணத்தையும் கூட்டினால் போதும். 180க்கு மேல் வந்தால் பந்துபோல வளைந்த பரப்பு.

இப்போது கொடிக்கு வாருங்கள். கொடியின் மேல் எறும்பு முக்கோணம் போட்டால் என்ன வரும்? பிள்ளைகள் எல்லாரும் 180க்கு மேல் என்றார்கள். ஒரு செய்தித்தாளில் முக்கோணம் வரைந்து, தாளைக் குழலாகச் சுருட்டச் சொன்னேன். தாள் கசங்கவில்லை, கிழியவில்லை, முக்கோணத்தின் கோணம் ஒன்றும் மாறவில்லை. அதே தாளை ஃபுட்பால்மேல் சுற்றச் சொன்னேன், மடிப்பு மடிப்பாக விழுந்தது. உருளை வளைந்திருக்கிறது என்பது வெளியே நிற்கிற நமக்குத்தான், உள்ளே இருக்கிற எறும்புக்கு அது தட்டைத் தரைதான். அப்படிப் பார்த்தால் நேராக உருண்டு நீண்ட கிளையில் அந்த வண்டுக்குக் கண் இருந்து, அளவுகோல் இருந்து, முக்கோணம் போடத் தெரிந்தாலும், வளைவு என்று எதுவும் அகப்பட்டிருக்காது. ஒரே திசையில் ஊர்ந்துபோய்க் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் விஷயம் தெரியும்.

இதெல்லாம் கணிதத்தில் வருகிற எறும்பு. உண்மையான எறும்பு வேறு மாதிரி, எனக்கு அதுதான் இதைவிடப் பெரிய ஆச்சரியம். துனிசியாவின் உப்புப் பாலைவனத்தில் கேட்டகிளிஃபிஸ் என்று ஓர் எறும்பு இருக்கிறது. தரை கொதிக்கிற வெயிலில், செத்த பூச்சியைத் தேடி இங்கும் அங்குமாக நூறு மீட்டருக்கு மேல் அலையும், இரை கிடைத்ததும் வந்த வழியே திரும்பாமல் நேர்கோட்டில் புற்றுக்கு வந்துவிடும். எவ்வளவு தூரம் நடந்தோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? 2006இல் விட்லிங்கர், வேனர், வோல்ஃப் என்கிற மூவர் அதன் கால்களில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் வைத்து விட்டார்கள். கால் நீண்ட எறும்பு புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. காலைக் குட்டையாக்கியது புற்றுக்கு முன்னாலேயே நின்று தேடியது. அடி எண்ணித்தான் நடக்கிறது.

அதற்கு முன்பே, 2001இல், இன்னொரு சோதனை நடந்திருந்தது. எறும்பை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க வைத்து இரைக்குக் கூட்டிப்போனார்கள், பிறகு தட்டையான பாதையில் விட்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார்கள். ஏறி இறங்கி நடந்த மொத்தத் தூரத்தை அது போகவில்லை. மேடு பள்ளத்தைக் கழித்துவிட்டு, தரையில் நேராக அளந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் போனது. பாதை வளைந்திருந்ததை அந்த எறும்பு கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது பையன் ஒருவன் எழுந்து, "அப்ப ஐன்ஸ்டீன் சொன்னது தப்பா மாமா?" என்றான். தப்பில்லை. எறும்புக்குச் சரிவு தெரிவது ‘கீழே’ என்று ஒன்று இருப்பதால், பூமி இழுப்பதால். பரப்புக்கு வெளியே இருந்து வருகிற ஒரு செய்தி அதற்குக் கிடைக்கிறது. ஐன்ஸ்டீனின் வண்டுக்கு அந்த உதவியே இல்லை. அதுவும் எதை வைத்து எறும்பு வளைவைக் கண்டுபிடிக்கிறதோ, அந்த ஈர்ப்பைத்தான் ஐன்ஸ்டீன் வளைவு என்று சொன்னார். இந்த இடத்தில் உவமையும் பொருளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

புழுத்துளை என்கிற பெயரும் இப்படி ஒரு பூச்சி உவமைதான். 1935இல் ஐன்ஸ்டீனும் ரோசனும் கால-வெளியின் இரண்டு இடங்களைச் சேர்க்கிற பாலம் போன்ற ஒன்றைச் சமன்பாட்டில் கண்டார்கள். 1957இல் ஜான் வீலரும் மிஸ்னரும் அந்த மாதிரிச் சுரங்கங்களுக்குப் புழுத்துளை என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிளின் மேல் ஊர்கிற புழு மறுபக்கம் போக மேலேயே சுற்றிப் போகலாம், நடுவில் துளைத்துக்கொண்டு குறுக்கேயும் போகலாம். ஆப்பிளைவிட நமக்கு நெருக்கமானது மாங்கொட்டை வண்டு. நறுக்கும்வரை பழத்தில் ஒரு பொட்டு ஓட்டை இருக்காது, கொட்டையைப் பிளந்தால் உள்ளே கருப்பாக ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். எப்படிப் போனது? பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும், பொரிந்த புழு சதை வழியாகத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும், காய் வளர வளர அந்தத் துளை இருந்த தடமே இல்லாமல் மூடிக்கொள்ளும். 1962இல் ஃபுல்லரும் வீலரும் கணக்குப் போட்டுச் சொன்னது இதையேதான் ஞாபகப்படுத்துகிறது: ஐன்ஸ்டீன்-ரோசன் பாலம் நிலையாக நிற்காது, இறுகி மூடிக்கொண்டுவிடும். ஒரு வித்தியாசம், அதுதான் முக்கியம்: மாங்காயில் துளை மூடுவதற்குள் புழு போய்ச் சேர்ந்துவிடுகிறது, அந்தப் பாலத்தில் ஒளிகூட மறுபக்கம் போய்ச் சேர முடியாது. மாம்பழ சீசனில் பிள்ளைகளுக்கு இதைக் கொட்டையைப் பிளந்து காட்டித்தான் சொல்லப்போகிறேன்.

இப்போது என் அப்பத்தாவின் குளவிக்கு வருகிறேன். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று அப்பத்தா அடிக்கடி சொல்லும். படிக்காமல் திரிகிற என்னைப் பார்த்துத்தான் பெரும்பாலும் சொல்லும். குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டுக்குள் வைத்து, ரீங்காரம் போட்டு, கொட்டிக்கொண்டே இருக்கும், புழு அந்தக் குளவியையே நினைத்துக்கொண்டிருந்து கடைசியில் குளவியாகவே மாறிவிடும். வேதாந்தத்தில் இதைப் பிரமர கீட நியாயம் என்பார்கள், சைவ நூல்களிலும் வேட்டுவன் என்கிற குளவியும் புழுவும் குருவுக்கும் சீடனுக்கும் உவமையாக வரும். உயிர் எப்படித் தன்னைவிட மேலான ஒன்றாக மாறும் என்பது பெரிய கேள்வி, கண்ணால் பார்க்க முடியாத விஷயம், அதற்கு வீட்டுச் சுவரில் இருந்தே ஓர் உவமை எடுத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் வீட்டில் குளவி கூடு கட்டினால் கலைக்கவும் விடமாட்டார்கள், பிள்ளை பிறக்கும் என்பார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பத்தா கோயிலுக்குப் போன நேரம், ஜன்னல் சட்டத்தில் இருந்த கூட்டைக் கரண்டிக்காம்பால் பெயர்த்துப் பார்த்தேன். சின்ன மண்சொப்பு மாதிரி கூடு. உள்ளே ஐந்தோ ஆறோ பச்சைப் புழுக்கள் அடுக்கி வைத்த மாதிரி நெருக்கமாக இருந்தன. ஈர்க்குச்சியால் தொட்டால் ஒன்று மட்டும் லேசாக நெளிந்தது, மற்றவை அசையவில்லை, ஆனால் வாடவும் இல்லை, அழுகவும் இல்லை, பச்சைப் பசேல் என்றே இருந்தன. அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக, காலில்லாமல், வேறொரு புழு. அது ஒரு பச்சைப் புழுவின் வயிற்றில் வாயை வைத்திருந்தது. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குளவியாகப் போவது அந்த வெள்ளைப் புழு, பச்சைப் புழுக்கள் அதன் சாப்பாடு. அப்பத்தாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

பின்னாளில்தான் படித்தேன், பிரான்சில் ஒருவர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் பெயர் ஃபாப்ரெ. குளவி கொண்டுவந்த இரை செத்தது, விஷம் அதைக் கெடாமல் வைத்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். 1855இல் அவர், இரை சாகவில்லை, குளவி நரம்பு முடிச்சைப் பார்த்துக் கொட்டி அசையாமல் மட்டும் செய்கிறது என்று காட்டினார். சொப்புக்கூடு கட்டுகிற குளவி தன் முட்டையைக் கூட்டின் கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்கவிடும் என்பதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார், கீழே நெளிகிற புழுக்கள் அதை நசுக்கிவிடக் கூடாதே. கொட்டக் கொட்டப் புழு குளவியாவதைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

இதனால் குரு சீடனை மாற்றுவார் என்று அப்பத்தா நம்பியது பொய்யாகிவிடுமா? ஆகாது. குளவி அதற்குச் சான்றாக நிற்காது, அவ்வளவுதான். அந்தப் பேச்சு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அப்பத்தா என்னை மாற்றியது உண்மை, கொட்டிக் கொட்டித்தான் மாற்றியது.

ஃபாப்ரெயின் இன்னொரு குளவிக்கு நடந்ததும் இதேதான், அங்கே உவமை சொன்னவர்கள் விஞ்ஞானிகளும் தத்துவக்காரர்களும். ஸ்ஃபெக்ஸ் என்கிற குளவி பாச்சையை (சுவர்க்கோழி, கரப்பான் அல்ல) பிடித்து வளை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் இழுத்துப்போகும். உள்ளே போயிருக்கிற நேரம் பாச்சையைக் கொஞ்சம் தள்ளிவைத்தால், வெளியே வந்து மறுபடி வாசலுக்கு இழுத்துவந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்க்கும். ஃபாப்ரெ 40 தடவை தள்ளிவைத்தார், 40 தடவையும் அப்படியே செய்தது. 20ஆம் நூற்றாண்டில் இது மூளைக்கும் சுதந்திர எண்ணத்துக்கும் பெரிய உவமையாகிவிட்டது: நாமும் உள்ளுக்குள் இப்படி ஓர் இயந்திரம்தானா, நமக்குத்தான் தெரியவில்லையா என்று. ஆனால் அதே ஃபாப்ரெ, வேறொரு கூட்டத்துக் குளவிகள் இரண்டு மூன்று தடவைக்குமேல் ஏமாறாமல் பாச்சையை நேராக உள்ளே இழுத்துப்போய்விட்டன என்றும் எழுதியிருந்தார். அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கீஸர் என்கிற ஆய்வாளர் 2013இல் இந்தக் கதை எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது என்று தோண்டிப் பார்த்து எழுதினார். கதையைச் சொன்னவர்களில் பலருக்கும் குளவியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, கதை அவ்வளவு வசதியாக இருந்தது. இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அப்பத்தாவுக்கு ஃபாப்ரெ தெரியாது. இவர்கள் அவரைத் தேடிப் படித்திருக்கலாம்.

வண்ணத்துப்பூச்சி விளைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எல்லார் வாயிலும் இருக்கிறது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்கிற வானிலை ஆய்வாளர் வானிலைக் கணக்கைக் கணினியில் மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் விடை முற்றிலும் வேறாகப் போய்விட்டது. முதலில் அவர் சொன்ன உவமை கடற்காகம். 1972இல் ஒரு மாநாட்டில்தான் பிரேசிலில் வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி வருமா என்ற தலைப்பு வந்தது, அதைக்கூட வைத்தது மெரிலீஸ் என்கிற இன்னொருவர். நம் மேடைகளில் இதைச் சின்ன முயற்சி பெரிய மாற்றம் தரும் என்று சொல்கிறார்கள். லோரன்ஸ் அதே பேச்சில், ஒரு சிறகடிப்பு சூறாவளியை உண்டாக்கலாம் என்றால் அதே அளவுக்குத் தடுக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் பேசியது முன்கூட்டிச் சொல்வதற்கு இருக்கிற எல்லையைப் பற்றி.

தேனீயைச் சொல்லாமல் விட முடியாது. 90களில் பார்பரா ஷிப்மன் என்கிற கணிதர், ஆறு பரிமாணமுள்ள ஒரு கணித உருவத்தின் நிழலை இரண்டு பரிமாணத்தில் விழவைத்துப் பார்த்தபோது, அது, பூ இருக்கிற இடத்தை மற்ற தேனீக்களுக்குச் சொல்லத் தேனீ ஆடுகிற ஆட்டத்தை ஒத்திருப்பதைக் கண்டார். தேனீக்குக் குவாண்டம் புலங்களை உணரும் சக்தி இருக்கலாம் என்றுவரை போனார். அதைச் சோதனையில் யாரும் காட்டவில்லை. எனக்கு அந்த ஊகத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவரிடம் மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் கணிதத்தை விளக்கத் தேனீயைக் கூப்பிடவில்லை, தேனீ ஏன் அப்படி ஆடுகிறது என்று கேட்டு, கணிதத்தைத் தேனீயிடம் கொண்டுபோனார்.

அந்த ஆட்டத்தைப் படித்துச் சொன்னவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1973இல் நோபல் பரிசு வாங்கினார். கூட்டுக்குள் இருட்டு, சூரியன் தெரியாது, அடை செங்குத்தாக நிற்கிறது. தேனீ என்ன செய்கிறது என்றால் ‘மேலே’ என்பதையே சூரியனாக வைத்துக்கொள்கிறது. பூ இருக்கிற இடம் சூரியனுக்கு வலப்பக்கம் 40 டிகிரியில் என்றால், மேல்நோக்கிய கோட்டுக்கு வலப்பக்கம் 40 டிகிரியில் உடலை அசைத்துக்கொண்டு ஓடும். மற்ற தேனீக்கள் அதைப் புரிந்துகொண்டு வெளியே போய், மேலே என்பதை மறுபடி சூரியனாக மாற்றிக்கொண்டு பறக்கும். யோசித்துப் பாருங்கள், இது உவமைதானே. அதுவும் எது எதற்கு ஒப்பு என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட உவமை. அடையைப் படுக்கைவசமாக வைத்து, வானமும் தெரிந்தால் தேனீ உவமையை விட்டுவிட்டு நேராகப் பூ இருக்கிற திசையையே காட்டி ஓடும். படுக்கைவசமாக வைத்து இருட்டாகவும் ஆக்கிவிட்டால் அதற்குத் திசை சொல்லத் தெரிவதில்லை.

இதை எல்லாம் சேர்த்து அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் மறுபடி பேசினேன். கொடியை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், தூரத்தில் தெரியாத சுற்றுவழி கிட்டத்தில் இருக்கும் என்பதற்கு, சுற்றியிருக்கிற காற்றையும் கீழே இருக்கிற கல்லையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தது. "அப்ப அதையும் முதல்லயே சொல்லிடுங்க மாமா" என்றது. சரி என்றேன். அதற்கப்புறம் எந்த உவமை சொன்னாலும், இது எதுவரைக்கும் செல்லும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சில சமயம் எனக்கு அந்த எல்லை தெரியாது, பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

போன வாரம் குளியலறை ஜன்னலுக்கு மேலே ஒரு குளவி சொப்புக்கூடு கட்டி முடித்து வாயை மண் வைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. இந்தத் தடவை பெயர்க்கப் போவதில்லை. பிள்ளைகள் நாளுக்கு ஒருவராக முறை வைத்து வந்து பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். கூட்டில் இன்னும் ஓட்டை விழவில்லை. விழுந்த அன்று எடுத்துப் பிளந்து உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம்.